33-வது கேள்வி

பிளஸ் டூ இயற்பியல் வினாத்தாளில் 33-வது கேள்வி கட்டாய வினா. மூன்று மதிப்பெண். அந்தப் பகுதியில் மற்ற எட்டுக் கேள்விகளில் பிடிக்காததைச் சாய்ஸில் விடலாம். 33-ஐ விட முடியாது. இரண்டு மதிப்பெண் பகுதியில் 24-வது கேள்வியும் அப்படித்தான். பெரும்பாலும் இந்த இரண்டு இடத்திலும் கணக்குதான் வரும். தியரிக்கு மொத்தம் 70 மதிப்பெண், அதில் இவை இரண்டும் சேர்ந்தால் ஐந்து. ஆனாலும் ஒரு பிள்ளையின் விடைத்தாள் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடிப் போவது இந்த இரண்டு எண்களைத்தான்.

வரையறையும் நிரூபணமும் படமும் முந்தைய நாள் ராத்திரி உருப்போட்டால் வந்துவிடும். கணக்கு அப்படி வராது. எண்கள் புதிதாக இருக்கும், கேள்வியின் வளைவு புதிதாக இருக்கும். அங்கே பிள்ளை தனியாக நிற்கிறது. பேனாவைத் தாளில் வைத்ததா இல்லையா என்று அந்த இடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், வள்ளியூருக்கும் பணகுடிக்கும் பக்கத்தில் இருக்கிற ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். அப்பாக்கள் செங்கல் சூளையிலோ, காற்றாலைகளில் காவலுக்கோ, கேரளத்தில் கொத்தனார் வேலையிலோ இருப்பார்கள். இந்தப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் 33-வது கேள்வியை எழுதுவதில்லை. நான் சொல்ல வருவது தப்பாக எழுதுகிறவர்களைப் பற்றி அல்ல. எழுதாமலே விடுகிறவர்களைப் பற்றி.

பொதுத்தேர்வில் எழுதாத பக்கங்களைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட வேண்டும் என்று விதி உண்டு. விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கோடுகளைப் பார்ப்பேன். விடை எழுதிய பக்கங்களில் கையெழுத்து கிறுக்கலாக ஓடியிருக்கும். அடித்த பக்கத்தில் மட்டும் அடிக்கோல் வைத்து, மூலையிலிருந்து மூலைக்கு, பிசிறில்லாமல் ஒரு கோடு இருக்கும். நேரம் இல்லாமல் போன பிள்ளை இப்படிக் கோடு போடாது. நேரம் இருந்திருக்கிறது, தாள் இருந்திருக்கிறது, பேனாவும் இருந்திருக்கிறது. அந்தக் கோடு என்னை மிகவும் வருத்துகிறது.

போன வருஷம் அரையாண்டுத் தேர்வு முடிந்து தாள் கொடுத்தபோது ஒரு மாணவியைத் தனியாக அழைத்துக் கேட்டேன். வகுப்பில் கவனமாக இருப்பவள். வாய்வழியாகக் கேட்டால் சூத்திரத்தைச் சரியாகச் சொல்வாள். 24-ம் 33-ம் இரண்டுமே வெற்றிடம்.

"சூத்திரம் தெரியும்லா? அதையாவது எழுதியிருக்கலாமே. அதுக்கே மார்க் உண்டே."

"தெரியும் டீச்சர்."

"பின்ன ஏன் எழுதல?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எழுதாம விட்டா, தெரியல போலன்னு விட்டுருவாவ. எழுதித் தப்பாப் போச்சுன்னா, இவளுக்கு இதுகூட வரலன்னு நினைப்பாவள்லா?"

இந்தப் பதிலை நான் பல நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். அதில் சோம்பல் இல்லை, அலட்சியமும் இல்லை. யோசித்து எடுத்த முடிவு. வெற்றுத்தாள் அவளுக்கு ஒரு மறைவிடம். முயன்று பார்க்காதவரை அவளால் முடியுமா முடியாதா என்பது யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையில் கொஞ்சம் மானம் மிஞ்சுகிறது. எழுதிவிட்டால் அது போய்விடும் என்று அவள் பயப்படுகிறாள்.

'முயற்சி திருவினையாக்கும்' என்று எங்கள் பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் அது இல்லாத பள்ளிச் சுவரே இருக்காது. காலை வணக்கக் கூட்டத்திலும் அதைத்தான் பேசுகிறோம். ஆனால் வகுப்புக்குள் வந்தபின் பிள்ளைகளிடம் போய்ச் சேருவது வேறொரு பாடம். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று ஒரு மினிமம் மெட்டீரியல் புழக்கத்தில் இருக்கிறது. எதைப் படித்தால் தேர்ச்சி பெறலாம் என்ற பட்டியல் அது. தியரியில் 70-க்கு 15 எடுத்தால் போதும், செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 35-ஐத் தொட்டுவிடலாம். அந்தப் பட்டியலில் கணக்கு இருக்காது. "கணக்கை விட்டுடு, நேரம் போகும்" என்பது அன்போடு சொல்லப்படும் அறிவுரை. சொல்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு பிள்ளை ஃபெயில் ஆனால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பெண் பிள்ளை என்றால் துணைத்தேர்வுக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். பையன் என்றால் பெயின்ட் வேலைக்கு ரயிலேறிவிடுவான்.

அதனால்தான் "தோல்வியைக் கண்டு பயப்படாதே" என்று மேடையில் நின்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. தோல்விக்கு எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை நீட் தேர்வுக்காக ஒரு வருஷம் வீட்டிலிருந்து மறுபடி படிக்கலாம். என் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஒரு வருஷம் கிடையாது. பயம் அவளுடைய மனக் கோளாறு இல்லை, அவளுடைய அனுபவம். அப்படிப்பட்டவளிடம் துணிந்து முயற்சி செய் என்று சொல்ல வேண்டுமானால், சொல்கிறவர் முதலில் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். தோற்றாலும் கையும் காலும் உடையாத ஓர் இடத்தை அவளுக்கு அமைத்துக் கொடுக்க வேண்டும்.

இந்த எண்ணம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. பள்ளியின் மேற்குப் பக்கம் தெரிகிற மலையிலிருந்து வந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஆடி மாதக் காற்றில் கதவைத் திறந்து வைக்க முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றுக்காகத்தான் முப்பந்தலைச் சுற்றி இத்தனை காற்றாலைகள். அந்தக் காற்றையும் மீறி, மலையடிவாரத்திலிருந்து அவ்வப்போது ஓர் உறுமல் கேட்கும். சத்தம் என்பதைவிட அதிர்வு என்று சொல்லலாம். சன்னல் கண்ணாடி லேசாக நடுங்கும். புதிதாக மாறுதலில் வந்த ஆசிரியர்கள் திடுக்கிட்டுப் பார்ப்பார்கள். பிள்ளைகள் தலை நிமிராமல் "மகேந்திரகிரி சார், டெஸ்ட் பண்ணுதாவ" என்பார்கள். அனுமன் இலங்கைக்குத் தாவியது இந்த மலையிலிருந்துதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதன் அடிவாரத்தில்தான் இஸ்ரோவின் ராக்கெட் என்ஜின்களைப் பூமியிலேயே கட்டிவைத்து எரித்துப் பார்க்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு அது தினசரிச் சத்தம். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்லத் தொடங்கியது, கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களை எரித்து இயங்கும் கிரையோஜெனிக் ராக்கெட் என்ஜினிலிருந்து.

அந்தக் கதை நீளமானது. 1991-இல் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாஸுடன் இந்தியா ஓர் ஒப்பந்தம் போட்டது. கிரையோஜெனிக் என்ஜின்களோடு, அவற்றைச் செய்யும் தொழில்நுட்பத்தையும் தருவதாகப் பேச்சு. ஏவுகணைத் தொழில்நுட்பப் பரவலைக் காரணம் காட்டி, 1992-இல் அமெரிக்கா இரண்டு தரப்பின் மீதும் தடை விதித்தது. 1993-இல் ரஷ்யா பின்வாங்கியது. செய்து முடித்த என்ஜின்கள் கிடைக்கும், செய்யும் முறை கிடைக்காது என்று ஆயிற்று. அதன்பிறகுதான் நாமே செய்வது என்ற முடிவு.

அது ஏன் அத்தனை கடினம் என்பதை இயற்பியல் ஆசிரியையாக நான் ரசித்துச் சொல்வேன். எரிபொருள் திரவ ஹைட்ரஜன், அதன் கொதிநிலை மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். எரிக்க உதவும் திரவ ஆக்சிஜனுக்கு மைனஸ் 183. இவை எரியும் அறைக்குள் வெப்பம் ஏறக்குறைய 3,000 டிகிரி. அந்தப் பயங்கரக் குளிரில் உலோகம் சுருங்கும். எல்லா உலோகமும் ஒரே அளவு சுருங்காது. தண்டு ஓர் அளவு, அதைத் தாங்கும் பேரிங் ஓர் அளவு, வெளி உறை ஓர் அளவு. அவற்றுக்கு நடுவே விட்ட முடியளவு இடைவெளியில், நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று வேகத்தில் பம்புச் சக்கரம் சுழல வேண்டும். வெப்ப விரிவைப் பற்றிப் பதினொன்றாம் வகுப்பில் நாம் போடுகிற இரண்டு வரிக் கணக்கு அங்கே உயிர்நாடி.

2007 நவம்பர் 15-ஆம் தேதி மகேந்திரகிரியில், அந்த என்ஜின் பொருத்திய ராக்கெட் பகுதியான உள்நாட்டு கிரையோ அடுக்கை முழுக்க 720 விநாடி எரித்துப் பார்த்தார்கள். வெற்றி. தரையில் தேறியாயிற்று. 2010 ஏப்ரல் 15-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதைச் சுமந்த ஜிஎஸ்எல்வி-டி3 ராக்கெட் கிளம்பியது. முதல் இரண்டு அடுக்குகளும் ஒழுங்காக வேலை செய்தன. ஐந்து நிமிடத்தை ஒட்டி கிரையோ என்ஜின் எரியத் தொடங்கியது. ஹைட்ரஜனை முன்னால் தள்ளிக் கொடுக்கும் சிறிய பூஸ்டர் டர்போ பம்ப் நிமிடத்துக்கு 34,800 சுற்று வேகம்வரை போய், உடனே வேகம் இழந்து நின்றது. எரிபொருள் வரவில்லை, உந்துவிசை எழவில்லை. ஜிசாட்-4 செயற்கைக்கோளோடு எல்லாம் வங்கக்கடலில் விழுந்தது.

இந்த இடத்தில் வகுப்பில் எப்போதும் ஓர் அமைதி வரும். பிறகு நான் கேட்பேன்: "ராக்கெட் கடலுக்குள்ள போயாச்சு. ஒரு ஆணிகூடத் திரும்பக் கிடைக்காது. அப்புறம் பம்ப் நின்னுச்சுன்னு எப்படித் தெரியும்? 34,800-ன்னு எண்ணு எப்படிக் கிடைச்சுது?"

யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள்: "சிக்னல் அனுப்பிக்கிட்டே போயிருக்கும் டீச்சர்."

அதேதான். பம்பின் வேகம், குழாயின் அழுத்தம், தொட்டியின் வெப்பம் என ஒவ்வொரு கணமும் அளந்து தரைக்கு அனுப்பிக்கொண்டே போயிருக்கிறது. விழுந்த ராக்கெட் தன் வழிமுறையை வரி வரியாக எழுதிவைத்துவிட்டு விழுந்திருக்கிறது. கடைசி விடை தப்பு. ஆனால் எந்த வரிவரை சரி, எந்த வரியில் திரும்பியது என்று உட்கார்ந்து படிக்க முடிந்தது. படித்தார்கள். பம்பின் சுழலும் பகுதி இறுகிப் பிடித்திருக்கலாம், உறை பிளந்திருக்கலாம் என்று முடிவுக்கு வந்து, குளிரில் சுருங்குவதைக் கணக்கில் எடுத்து அந்தப் பம்பின் வடிவமைப்பை மாற்றினார்கள். இன்னொன்றும் செய்தார்கள். தரையில் எரிக்கும்போது சுற்றிலும் காற்று இருக்கிறது, மேலே இல்லை. ஆகவே வெற்றிடத்தில் எரியூட்டிச் சோதிப்பதற்கென்று மகேந்திரகிரியில் ஓர் உயர்வெளிச் சோதனை அமைப்பை ஏற்படுத்தினார்கள்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது அந்தக் கடைசிக் காரியம்தான். அடுத்தமுறை தோற்கக் கூடாது என்று சபதம் எடுப்பது யாருக்கும் வரும். அவர்களோ இன்னும் துல்லியமாகத் தோற்றுப் பார்ப்பதற்கு ஓர் இடம் கட்டினார்கள். மேலே போய்த் தோற்றால் ஒரு செயற்கைக்கோள் போகும். இங்கே தோற்றால் சில பாகங்கள் போகும், கொஞ்ச காலம் போகும், அறிவு கையில் நிற்கும். மகேந்திரகிரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் அதை வெற்றியின் முழக்கமாகக் கேட்பதில்லை. தப்பு நடந்தால் இங்கேயே நடக்கட்டும் என்று பொறுப்பானவர்கள் திறந்து விட்டிருக்கும் இடத்தின் சத்தம் அது.

அதன்பிறகும் நேர்க்கோடாகப் போகவில்லை. அதே 2010 டிசம்பர் 25-ஆம் தேதி, ரஷ்ய கிரையோ அடுக்கோடு போன அடுத்த ஜிஎஸ்எல்வியில், கட்டளைகளைக் கொண்டுசெல்லும் கனெக்டர்கள் ஒரு நிமிடம்கூட ஆவதற்குமுன் கழன்றுவிட்டன. தடம் மாறிய ராக்கெட் வானிலேயே வெடித்துச் சிதறியது. ஒரே வருஷத்தில் இரண்டு. இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2013 ஆகஸ்ட் 19-இல், உள்நாட்டு கிரையோவோடு ஜிஎஸ்எல்வி-டி5 ஏவுதளத்தில் நின்றது. கிளம்ப 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவது தெரிந்தது. நிறுத்தினார்கள். ராக்கெட்டைத் திரும்பக் கொண்டுபோய், அந்த அடுக்கையே புதிதாக மாற்றினார்கள்.

இதைச் சொன்னபோது பின் வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அதுவும் சாய்ஸ்ல விட்ட மாதிரிதான டீச்சர்? போகாம நிறுத்திட்டாங்கள்லா?"

நல்ல கேள்வி. அன்று பாட நேரம் முழுவதும் அதிலேயே போயிற்று. பதிலையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். எங்கே கசிகிறது, எவ்வளவு கசிகிறது என்று பார்த்துவிட்டு நிறுத்தினால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. பார்க்காமலே நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. ஒரு மாணவி சொன்னாள்: "அவங்க எந்த ஸ்டெப்ல நின்னாங்கன்னு எழுதிட்டு நிறுத்திருக்காங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2014 ஜனவரி 5-ஆம் தேதி டி5 கிளம்பியது. கிரையோ என்ஜின் தன் வேலையை முழுதாகச் செய்து ஜிசாட்-14-ஐப் பாதையில் விட்டது. அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் கே. சிவன். எங்களுக்குத் தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்தில், சரக்கல்விளையில் தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்தவர். கிரையோ பணியில் பல வருஷம் இருந்த வி. நாராயணனும் அதே மாவட்டத்தின் மேலக்காட்டுவிளைக்காரர். 2025 ஜனவரியிலிருந்து இஸ்ரோவின் தலைவர் அவர். இவர்களைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகளின் முகம் மலர்வது உண்மை. ஆனால் நான் இவர்களின் வெற்றியைக் காட்டி, நீயும் இப்படி ஆகலாம் என்று முடிப்பதில்லை. 1993-க்கும் 2014-க்கும் நடுவில் இருக்கிற அந்த இருபது வருஷத்தைத்தான் காட்டுகிறேன். அத்தனை வருஷமும் காலையில் மலையடிவாரத்துக்குப் பஸ்ஸில் போய், வால்வைப் பூட்டி, கசிவைப் பார்த்து, குறித்துவைத்துவிட்டு வீடு திரும்பிய மனிதர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருடைய பெயரை எந்தச் செய்தித்தாளும் போடவில்லை. என்றாவது பறக்கும் என்ற உறுதி அவர்களுக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

சரி, வகுப்பில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்கினேன். கரும்பலகையில் ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு துண்டுத்தாள், பத்து நிமிடம். பெயர் எழுத வேண்டாம், மதிப்பெண் கிடையாது. பேனாவால் மட்டும் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, அடித்தாலும் படிக்கும்படி அடிக்க வேண்டும். வெற்றுத்தாள் கொடுக்கக் கூடாது. ஒன்றும் ஓடவில்லை என்றால் கொடுத்திருக்கும் அளவுகளையாவது எழுதி, எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று குறித்து, எங்கே நின்றுவிட்டாய் என்று ஒரு வரி எழுது. பிறகு தாள்களை வாங்கிக் கலைத்து, சிலவற்றை எடுத்து, தப்பான வழிமுறையை அப்படியே பலகையில் எழுதுவேன். யாருடையது என்று எனக்கும் தெரியாது. எந்த வரியில் திரும்பியது என்று வகுப்பு கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் போட்டது நிலைமின்னியல் கணக்கு. 2 மைக்ரோகூலூம், 3 மைக்ரோகூலூம் மின்னூட்டங்கள் 10 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன, விசை என்ன? விடை 5.4 நியூட்டன். வந்த தாள்களில் நிறைய 0.00054 என்று இருந்தது. சரியான விடையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாத பிள்ளை எழுதியதுபோலத் தோன்றும். ஆனால் அந்தப் பத்தாயிரம் ஒரு விவரத்தைத் தெளிவாகச் சொல்கிறது. சூத்திரம் சரி, மைக்ரோவை பத்தின் அடுக்கு மைனஸ் ஆறாக மாற்றியது சரி, தூரத்தை இருமடியாக்கியதும் சரி. சென்டிமீட்டரை மீட்டராக மாற்றவில்லை, அவ்வளவுதான். நூறின் இருமடி பத்தாயிரம். அதைப் பலகையில் காட்டியதும் வகுப்பு முழுக்க ஒரே சலசலப்பு. தங்களுக்கு இவ்வளவு தெரியும் என்பதே அவர்களுக்குச் செய்தியாக இருந்தது. பொதுத்தேர்வில் அதே தாளுக்குச் சூத்திரத்துக்கான மதிப்பெண் நிச்சயமாக உண்டு. ஆனால் அது இரண்டாம் பட்சம். வெற்றுத்தாள் கொடுத்திருந்தால், மீட்டர் பிரச்சினை என்பது எனக்கும் தெரியாது, அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. 'கணக்கு எனக்கு வராது' என்ற ஒரு பெரிய பூட்டாக அது ஆயுள் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

கொஞ்ச நாளில் ஒரு மாற்றம் வந்தது. தாங்கள் நின்றுபோன இடத்தைப் பிள்ளைகள் நன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். "இதுக்கு மேல எந்தச் சூத்திரம்னு தெரியல", "விடை மைனஸ்ல வருது, வரலாமா?" என்றெல்லாம் துண்டுத்தாளில் கேள்விகள் வந்தன. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகச் சிரமமாக இருந்தது என்பது நான் எதிர்பாராதது. எப்போதும் சரியாகவே எழுதிப் பழகியவர்களுக்குத் தப்பு வரலாம் என்று தெரிந்த கணக்கில் கைவைக்க மனம் வருவதில்லை. அவர்களில் ஒரு பையன் முதல் சில வாரம் அளவுகளை மட்டும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய அச்சடித்தது போன்ற கையெழுத்தைப் பெயர் இல்லாமலே அடையாளம் கண்டுவிடலாம். அவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. மின்தடைகளை இணைக்கும் கணக்கு ஒன்றில் ஒரு நாள் தாள் முழுக்க அடித்து அடித்து எழுதியிருந்தான். விடை தப்பு. அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. "போர்ஷன் முடிக்கணும் டீச்சர், ஜனவரியில திருப்புதல் தேர்வு ஆரம்பிச்சிடும்" என்றார் சக ஆசிரியர் ஒருவர். வாரம் ஒரு பாடவேளை என்பது சின்ன விஷயமில்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்கள். ஆகவே மினிமம் மெட்டீரியலை நான் தூக்கி எறியவில்லை. தேர்ச்சியின் விளிம்பில் நிற்கிற பிள்ளைக்கு அது கைப்பிடி. அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே 33-ஐயும் தொட்டுப் பார் என்பதுதான் என் வேண்டுகோள். எல்லோரும் தொட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் கடைசிவரை அளவுகளைத் தாண்டவில்லை. ஒரு பையன் பாதி வருஷத்திலேயே அண்ணனோடு கோட்டயத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கு நான் அமைத்த இடம் எந்த விதத்திலும் உதவவில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது வேறு.

தரையைப் பார்த்துப் பேசிய அந்த மாணவி, பொதுத்தேர்வு இயற்பியல் முடிந்த மத்தியானம் வராந்தாவில் என்னைத் தேடி வந்தாள். "33 எழுதிட்டேன் டீச்சர். சூத்திரம் போட்டு, எண்ணெல்லாம் போட்டு, கடைசியில பத்தின் அடுக்குல தப்பாப் போச்சு. வெளிய வந்தப்புறம்தான் தெரிஞ்சுது" என்றாள். எங்கே தப்பு என்பதைக் கேட்டிலிருந்து என்னிடம் வருவதற்குள் தானே கண்டுபிடித்திருந்தாள். மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. நாகர்கோவிலில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்திருக்கிறாள். நான் பெருமைப்படுவது அவள் சேர்ந்ததற்காக மட்டும் இல்லை. அன்று வராந்தாவில் தன் தப்பைச் சொல்லும்போது அவள் தரையைப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் என்னிடம் கேட்கும் இன்னொரு கேள்வி உண்டு: இவ்வளவு முயன்று ஒருமுறை ஜெயித்துவிட்டால், பிறகு தோல்வி வராதா? 2021 ஆகஸ்ட் 12-ஐச் சொல்வேன். ஜிஎஸ்எல்வி-எஃப்10. பல வெற்றிகளுக்குப் பிறகு, அதே உள்நாட்டு கிரையோ அடுக்கு. ஹைட்ரஜன் தொட்டியின் வால்வு ஒன்றில் கசிவு, தொட்டிக்குள் போதிய அழுத்தம் இல்லை, என்ஜின் எரியவில்லை. இஓஎஸ்-03 செயற்கைக்கோள் போயிற்று. காரணம் தேடித் திருத்திய பிறகு, 2023 மே 29-இல் அடுத்த ஜிஎஸ்எல்வி சரியாகப் போனது. அந்த இடைவெளியிலும் மகேந்திரகிரியிலிருந்து சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. வால்வு என்பது எவ்வளவு சிறிய பொருள் என்று சொன்னபோது ஒரு மாணவி, "அப்போ பெரிய ஆளுங்களுக்கும் சென்டிமீட்டர் மீட்டர்தானா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வருகிற ஜூனில் இதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கப் போகிறேன். பிளஸ் டூவில் தொடங்கினால் பயம் அதற்குள் இறுகிவிடுகிறது. ஒரு சிக்கல் இருக்கிறது. இம்முறை பதினொன்றில் அறுபது பேருக்கு மேல் வருவார்கள் போலத் தெரிகிறது. துண்டுத்தாள்களை எல்லாம் படிக்க வாரத்துக்கு ஒரு ராத்திரி போதாது. பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்து, ஒரு குழுவின் தாளை இன்னொரு குழு படித்து, தப்பு திரும்பிய வரியைக் குறிக்க வைக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் சிறிய குழுவில் கையெழுத்து அடையாளம் தெரிந்துவிடும், கேலி வந்துவிடும். கேலி வந்தால் எல்லாம் போயிற்று. பெரிய வகுப்பில் இதைச் செய்துபார்த்த ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், கையெழுத்துப் பிரச்சினையை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். சரிப்படவில்லை என்றாலும் எழுதுங்கள், எந்த இடத்தில் சரிப்படவில்லை என்பதோடு.